அரை மணி நேரத்தில் முடிகிற விளையாட்டும் ஒருபோதும் முடியாத விளையாட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டாதீர்கள்.

போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு போட்டோ சுற்றியது. எங்கள் பாடசாலைக் கணினி அறை. தரம் 9 மாணவர்கள் இரண்டு பேர் ஒரு மடிக்கணினிக்கு முன்னால் இருக்கிறார்கள். திரையில் துவக்கோடு ஓடும் இரண்டு மனிதர்கள். பின்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறேன். கீழே எழுதியிருந்தது: "பாடசாலையில் நடக்கும் பாடத்தைப் பாருங்கள்."

ஆம், அது நான்தான். மடிக்கணினியும் என்னுடையதுதான். தவணைப் பரீட்சை முடிந்து லீவு விடுவதற்கு முந்தின மூன்று நாட்கள், அதிபரிடம் கேட்டு, கடைசி இரண்டு பாடவேளைகளில் பிள்ளைகளுக்கு ஒரு பழைய விளையாட்டைக் காட்டினேன். அதன் பெயர் கொன்ட்ரா. முப்பது வயது தாண்டிய ஆண்கள் பலருக்கு அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பெயரைக் கேட்டதும் கை தானாக "மேல் மேல் கீழ் கீழ்" என்று போகும்.

வந்த கொமென்ட்களை எல்லாம் வாசித்தேன். மூன்று கட்சி இருக்கிறது.

முதலாவது கட்சி: "நம்ம பிள்ளைகளுக்குத் துவக்குப் பிடிக்கவா படிப்பிக்கிறீர்கள்?"

இரண்டாவது கட்சி, நம்ம இளசுகள்: "சேர், இது ஒரு கேமா? அரை மணித்தியாலத்தில் முடிஞ்சிரும். கட்டம் கட்டமா படம். இதுக்கா மூன்று நாள்?"

மூன்றாவது கட்சி, என் வயதுக்காரர்கள்: "ஆஹா, அது பொற்காலம். அந்தக் காலத்துக் கேம் எல்லாம் நல்லது. இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் நாசமாகிவிட்டார்கள்."

மூன்று கட்சிக்கும் நான் எதிர்க்கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கொன்ட்ரா ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987இல் கடைகளில் காசு போட்டு விளையாடும் இயந்திரமாக வெளியிட்ட விளையாட்டு. 1988இல் நின்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. இரண்டு வீரர்கள் ஓட வேண்டும், பாய வேண்டும், சுட வேண்டும். எதிரே வருவது வேற்றுக்கிரகப் படை. காடு, நீர்வீழ்ச்சி, பனிவெளி என்று மொத்தம் எட்டுக் கட்டம். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போகும். தொடங்கும்போது மூன்று உயிர்தான். கை பழகியவர் அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார். நமக்கு அது சீனத்து டிவி கேம் பெட்டியோடும் மஞ்சள் கெசட்டோடும் வந்து சேர்ந்தது. கெசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கும். உள்ளே போனால் அதே பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அதில் முதலாவது பெரும்பாலும் இதுதான்.

இனி, இளசுகளுக்கு.

"சின்னக் கேம், அரை மணித்தியாலத்தில் முடிஞ்சிரும்" என்று நீங்கள் குறையாகச் சொன்னதைத்தான் நான் அதன் முதல் தகுதி என்று சொல்கிறேன். தம்பிமாரே, உங்கள் போனில் இருக்கிற விளையாட்டு எப்போது முடியும்? ஒரு சீசன் முடிந்தால் அடுத்த சீசன். ஒரு நாள் உள்ளே போகாவிட்டால் அன்றைய பரிசு போய்விடும். இரவு பன்னிரண்டு மணிக்குப் புது நிகழ்வு திறக்கும். அதை விளையாடி முடித்தேன் என்று இந்த ஊரில் ஒருவனாவது சொல்லட்டும் பார்ப்போம். முடிக்க முடியாது. முடியக்கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் போனை மூடிவிட்டு சுபஹுக்கு எழும்பினால் அவர்களுக்கு வருமானம் இல்லை.

ஒரு வேலைக்கு முடிவு இருந்தால்தான் அதற்குப் பிறகு வேறு வேலை இருக்கும். ஒரு பாடத்துக்கு இவ்வளவு நேரம் என்று வைத்ததும் அதனால்தான். மணி அடித்தால் எழும்ப வேண்டும். கொன்ட்ராவுக்கும் மணி அடிக்கும். எட்டாவது கட்டத்தில் கடைசி எதிரி செத்தால் பெயர்கள் ஓடும். பிறகு புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை. வெளியே போகலாம்.

இனி, துவக்கைப் பற்றிப் பேசியவர்களுக்கு.

உங்கள் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். இந்த மாகாணத்தில் என் வயதுக்காரர்கள் துவக்குச் சத்தத்தைத் திரையில் கேட்கும் முன்பே தெருவில் கேட்டவர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, நம்ம பையன்களின் கையில் துவக்குப் படம் இருந்தாலே உம்மாமாரின் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் நானும் தரம் 9க்குக் கீழே இதைக் காட்டவில்லை. துவக்கு ஒன்றுமே இல்லை என்று நான் வாதாடவும் இல்லை.

ஆனால் ஒரு விசயம் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கேமுக்கு ஐரோப்பாவிலும் இதே கேள்வி வந்தது. வன்முறை விளையாட்டுகளில் ஜேர்மனி கடுமையாக இருந்த காலம். அதனால் 1990இல் ஐரோப்பாவுக்குப் போன நின்டெண்டோப் பிரதியில் மனிதர்களை எடுத்துவிட்டு இயந்திர மனிதர்களைப் போட்டார்கள். பெயரையும் புரோபொடெக்டர் என்று மாற்றினார்கள். மற்றதெல்லாம் அப்படியே. அதே காடு, அதே குண்டு, அதே எட்டுக் கட்டம். தோலை மாற்றியதும் பெரியவர்களின் மனம் ஆறிவிட்டது.

நாமும் அதையேதான் செய்கிறோம். தோலைப் பார்க்கிறோம். பையன் துவக்குக் கேம் விளையாடினால் போனைப் பறிக்கிறோம். அதே பையன் கார் ஓட்டுகிற கேமோ பந்தடிக்கிற கேமோ விளையாடினால், "பாவம், சும்மா பந்து விளையாட்டுத்தானே" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பந்து விளையாட்டுக்குள்ளே என்ன வியாபாரம் நடக்கிறது என்று ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அவர்கள் சொன்ன அடையாளங்களில் துவக்கு இல்லை. விளையாட்டின் மீது கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும் விட அது முக்கியமாகிவிட்டதா, கேடு வந்த பிறகும் நிறுத்த முடியவில்லையா என்றுதான் கேட்கிறார்கள். நம்ம வீட்டில் இந்த மூன்று கேள்வியையும் யார் கேட்டோம்?

இனி ஒரு சம்பவம். அந்தத் தாயிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று கொமென்டில் தேடுபவர்களை பிளொக் பண்ணுவேன்.

போன தவணை ஒரு தாய் என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். கணவர் கட்டாரில். அபாயாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சேர், இவன் என்ட சல்லியெல்லாத்தையும் முடிச்சிட்டான்." வங்கி அட்டை இலக்கம் போனில் பதிந்து கிடந்திருக்கிறது. பதினொரு நாளில் 34,000 ரூபா போயிருக்கிறது. ரியூசன் காசும் அதில்தான் இருந்தது. தங்கச்சிக்குக் கண்ணாடி வாங்க வைத்திருந்த காசும் அதில்தான் இருந்தது.

நான் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடிக்கவில்லை, ஏசவில்லை. "என்னடா வாங்கின?" என்றேன்.

"உடுப்பு சேர்."

"என்ன உடுப்பு?"

"கேமில போடுற உடுப்பு. சுத்த வேணும் சேர். சுத்தினா சில நேரம் விழும். எனக்கு விழல்ல."

விழுந்திருந்தால் நிறுத்தியிருப்பாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு இரண்டு கிழமை பாடசாலைக்கே வரவில்லை. கூட்டாளிமாருக்கு விசயம் தெரிந்துவிட்டது என்ற வெட்கம்.

உறவுகளே, காசைக் கொடுத்து, சக்கரத்தைச் சுற்றி, விழுமா விழாதா என்று பார்ப்பதற்கு நம்ம மார்க்கத்தில் என்ன பெயர்? மத்ரஸாவில் முதலாம் வருடம் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். மைசிர். மதுவோடு சேர்த்துத் தடுக்கப்பட்டது. இதை ஒரு மௌலவி சொல்லித்தான் உலகம் அறிய வேண்டும் என்றுமில்லை. 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணைக்குழுவே, கேமுக்குள் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டி அந்த நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று முடிவு சொன்னது. அங்கே மதம் பேசவில்லை, கணக்குப் பேசியது.

நானும் கணித ஆசிரியர்தானே. கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றில் பொருள் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைப்போம். நூறு தடவை சுற்றினால் நிச்சயம் விழும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வகுப்பில் கேட்டபோது ஏறத்தாழ எல்லோரும் அப்படித்தான் கை உயர்த்தினார்கள். உண்மை என்ன? ஒரு சுற்றில் விழாமல் போகும் வாய்ப்பு 0.99. அதை நூறு தடவை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.37 வரும். அதாவது நூறு பையன்கள் ஆளுக்கு நூறு தடவை சுற்றினால், ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு எழும்புவார்கள். ஒரு சுற்று 50 ரூபா என்றால் ஆளுக்கு 5,000 ரூபா. கைக்கு ஒன்றுமில்லை. அந்த 37 பேரும் "இன்னும் ஒருக்கா" என்பார்கள்.

துவக்கைப் பற்றி இருநூறு கொமென்ட் வந்தது. இந்தச் சக்கரத்தைப் பற்றி ஒரு கொமென்ட் வரவில்லை. என் கோபம் அங்கேதான்.

இனி, என் வயதுக்காரர்களுக்கு. நீங்கள் என் பக்கம் பேசினீர்கள், நன்றி. ஆனாலும் பொய் சொல்ல முடியாது.

அந்தக் காலம் பொற்காலம் இல்லை. கொன்ட்ரா பிறந்தது காசு போடும் இயந்திரத்தில். சீக்கிரம் சாக வேண்டும், அடுத்த காசைப் போட வேண்டும் என்பது அந்த இயந்திர வியாபாரத்தின் அடிப்படை. ஒரு குண்டுக்கு ஓர் உயிர் என்பதும் அந்தப் பரம்பரைதான். வீட்டுப் பெட்டிக்கு வந்த பிறகுதான் ஒருமுறை காசு கொடுத்தால் போதும் என்றானது. பேராசை அந்தக் காலத்திலும் இருந்தது. கையில் காசு முடிந்தால் அது தானாக நின்றது, அவ்வளவுதான். இன்றைக்கு அது வங்கி அட்டை வரைக்கும் கை நீட்டுகிறது.

அடுத்தது, நாம் வீரர்களும் இல்லை. நம்மில் எத்தனை பேர் மூன்று உயிரில் முடித்தோம்? 30 உயிர் தரும் அந்தப் பட்டன் வரிசையைப் போட்டுத்தானே? அதைக் கண்டுபிடித்தவர் கொனாமியில் வேலை செய்த கசுஹிசா ஹஷிமொட்டோ. 2020இல் இறந்துபோனார். முதலில் கிரேடியஸ் என்ற வேறொரு கேமுக்காக அதை வைத்தார். சோதித்துப் பார்க்கும்போது அந்தக் கேம் அவருக்கே கஷ்டமாக இருந்ததாம். செய்தவருக்கே உதவி தேவைப்பட்டது. ஆகவே, "நாங்கள் அந்தக் காலத்தில..." என்று பிள்ளைகளிடம் பெருமை அடிக்காதீர்கள்.

மூன்றாவது, நாம் விளையாடிய அந்த மஞ்சள் கெசட் களவுப் பிரதி. பிறர் உழைப்பு. சின்ன வயதில் எங்களுக்குத் தெரியாது, இப்போது தெரியும். அதனால் நான் வகுப்புக்குக் கொண்டுபோனது கொனாமி 2019இல் வெளியிட்ட பழைய கொன்ட்ரா கேம்களின் தொகுப்பு. என் காசில் வாங்கியது. ஒருமுறை கொடுத்தேன், அதோடு சரி. உள்ளே சக்கரமும் இல்லை, உடுப்புக் கடையும் இல்லை.

சரி, மூன்று நாளும் என்ன நடந்தது? போட்டோவில் இல்லாததைச் சொல்கிறேன்.

இரண்டு கொன்ட்ரோலர். இரண்டு பேர் விளையாட, மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். செத்தால் அடுத்த சோடி. முதல் நாள் எல்லோரும் தனித்தனியாக ஓடினார்கள். மூன்றாவது கட்டம் நீர்வீழ்ச்சி. அங்கே திரை மேலேதான் போகும், கீழே வராது. ஒருவன் அவசரப்பட்டு மேலே மேலே பாய்ந்தால், கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். எதிரி சுடத் தேவையில்லை, கூட்டாளியின் அவசரமே கொன்றுவிடும். முதல் நாள் எல்லாச் சோடியும் அங்கேதான் சண்டை பிடித்தது. "நீதான்டா என்னைக் கொன்ன!"

இரண்டாம் நாள் ஒருவன் மேலே நின்றுகொண்டு, "நில்லு, நான் பாக்கிறன், இப்ப பாய்" என்று சொல்லத் தொடங்கினான். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வகுப்பில் குழுச் செயற்பாடு என்று கரும்பலகையில் எழுதி நாங்கள் படும் பாடு ஆசிரியர்களுக்குத் தெரியும். இங்கே நீர்வீழ்ச்சி அதைச் செய்தது.

இன்னொன்று. இந்தக் கேமில் ஒருவனுக்கு உயிர் முடிந்தால், கூட்டாளியிடம் மிச்சம் இருக்கும் உயிரில் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்ப வரலாம். பட்டனை அழுத்தினால் வந்துவிடும், அவனுடைய அனுமதியும் தேவையில்லை. முதல் நாள் அதைக் களவு என்றார்கள். மூன்றாம் நாள், "என்ட உயிர எடுத்துக்கோ, எனக்கு நாலு கிடக்கு" என்று ஒருவன் சொன்னான். சொன்னது யாரிடம் தெரியுமா? இரண்டு கிழமை வெட்கத்தில் வராமல் இருந்த அந்தப் பையனிடம்.

மூன்றாம் நாள் நான் 30 உயிர் வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன், மறைக்கவில்லை. அந்தச் சோடிதான் கடைசிக் கட்டத்தை முடித்தது. பெயர்கள் ஓடின. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேர், முடிஞ்சிட்டா?"

"ஓம்."

"இனி ஒண்டும் வராதா?"

"வராது. அவ்வளவுதான்."

சிரித்தான். பிறகு கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு மற்றவர்களோடு மைதானத்துக்குப் போய்விட்டான். யாரும் போனைத் தேடவில்லை. இதனால் அவன் திருந்திவிட்டான் என்று நான் எழுதவில்லை. ஒரு கேம் யாரையும் திருத்தாது. ஆனால் ஒரு விளையாட்டு முடியும், முடிந்ததும் எழும்பிப் போகலாம் என்பது அந்தப் பிள்ளைக்குப் புதுச் செய்தியாக இருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது புதுச் செய்தியாக இருந்தால் வெட்கப்பட வேண்டியது நாம்தான்.

கடைசியாக, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

1. பெற்றோருக்கு: பிள்ளையின் கேமில் துவக்கு இருக்கிறதா என்று பார்க்கும் முன்பு, கடை இருக்கிறதா, சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வங்கி அட்டை இலக்கம் போனில் பதிந்திருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமாரே, வீட்டுக்கு எடுக்கும் கோலில் இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

2. மௌலவிமாருக்கு, மரியாதையோடு: "போன் ஹராம், கேம் ஹராம்" என்று மொத்தமாகச் சொன்னால் பிள்ளைகள் காதை மூடிக்கொள்கிறார்கள். கேமுக்குள் இருக்கும் மைசிரைப் பற்றி ஒரு ஜும்ஆவில் விளக்கமாகப் பேசுங்கள். அந்தக் கணக்குத் தேவையென்றால் நான் எழுதித் தருகிறேன்.

3. கழகங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும்: மைதானத்தின் கேற்றை அஸருக்குப் பிறகு பெரியவர்களின் போட்டிக்கென்று பூட்டி வைத்துவிட்டு, "பிள்ளைகள் வெளியே விளையாட வருவதில்லை" என்று பேசாதீர்கள். கிழமையில் இரண்டு நாளாவது சின்னவர்களுக்கு ஒதுக்குங்கள்.

4. இளசுகளுக்கு: கூட்டாளியைப் பக்கத்தில் இருத்தி, முடிவு உள்ள ஏதாவது ஒன்றை விளையாடுங்கள். கெரம் என்றாலும் சரி, கொன்ட்ரா என்றாலும் சரி.

5. அந்தப் போட்டோவை எடுத்தவருக்கு: என் முகத்தைப் போட்டதில் பிரச்சினை இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரின் முகத்தையும் மறைக்காமல் ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒருவன் ஏற்கனவே வெட்கத்தில் இரண்டு கிழமை வீட்டுக்குள் இருந்தவன். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் எடுத்தேன் என்று சொன்னால் நான் நம்புகிறேன். அப்படியானால் இன்றைக்கே அழித்துவிடுங்கள், மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தவணை முடிவில் திரும்பவும் அதே கணினி அறையில், இன்ஷா அல்லாஹ், அதே கேமைக் காட்ட அதிபரிடம் அனுமதி கேட்பேன். சந்தேகம் உள்ள பெற்றோர் வந்து பக்கத்தில் இருக்கலாம். விரும்பினால் இரண்டாவது கொன்ட்ரோலரையும் பிடிக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும்: நீர்வீழ்ச்சியில் அவசரப்பட்டு மேலே பாயக்கூடாது. கீழே உங்கள் பிள்ளை நிற்பான்.

வஸ்ஸலாம்.